சுவரில் தொங்க மறுத்த அக்கா

படப்பிடிப்புத் தளங்களில் அவளுக்கு 'ஒரே டேக் அக்கா' என்று பெயர். அறுபத்தோரு வயதிலும் அக்காதான். யாராவது வாய் தவறி 'அம்மா' என்று கூப்பிட்டால், "யாருக்கு யார் அம்மா? அதுக்குத் தனிச் சம்பளம்" என்பாள். முப்பத்துமூன்று வருடம், நூற்று நாற்பது படம். நீதிபதி, நகைத் திருடி, விடுதி வார்டன், வாயாடி வீட்டுக்காரி, ஊமைச் சமையல்காரி, தன்னைவிட இரண்டு வயது மூத்த கதாநாயகனுக்குத் தாய் என்று அவள் போடாத வேஷம் கிடையாது. ஒரு படத்தில் பிள்ளை பிடிப்பவளாக நடித்துவிட்டு வந்தாள். அடுத்த மூன்று மாதம் பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையை இவள் கையில் கொடுக்கவே இல்லை. அதைவிடப் பெரிய விருது வேறென்ன வேண்டும் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கதாநாயகியாக மட்டும் ஒருவரும் கூப்பிட்டதில்லை. முன்பல் கொஞ்சம் முந்திக்கொண்டு நிற்கும். போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செட்டில் ஒட்டுப்பலகையில் செய்த மாடிப்படி முறிந்தது. மேலே நின்று வசனம் பேசிக்கொண்டிருந்த அக்கா, வசனத்தை முடிப்பதற்குள் கீழே வந்துவிட்டாள். இடுப்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். எட்டு மாதம் கழித்து எழுந்து நடந்தபோது வலது கால் போய்ச் சேர்ந்த பிறகுதான் இடது கால் யோசித்து வந்தது. படி முறிந்தது என்று யாராவது சொன்னார்களா? மூச்! 'அக்கா தவறி விழுந்துட்டாங்க, வயசாச்சு இல்ல' என்றுதான் எங்கும் பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்குப் பிறகு வந்த வேஷங்களைக் கேளுங்கள். முதல் படத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு நிமிடம். அடுத்ததில் நினைவில்லாமல் படுத்திருந்தாள், நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியில்கூடப் போர்வைக்குள் ஒரு விரலை அசைத்துப் பார்த்தாள். வெட்டிவிட்டார்கள். மூன்றாவது படத்துக்குத் தயாரிப்பு மேனேஜரே போன் செய்தார்.

"ஒரு போட்டோ மட்டும் அக்கா. ஹீரோயினோட செத்துப்போன அம்மா. சட்டம் போட்டு சுவத்துல மாட்டிடுவோம். உங்களுக்கு இந்தக் காலோட ரொம்ப சுலபம். வலி இல்ல, வசனம் இல்ல, சும்மா தொங்கினாப் போதும்."

அக்கா அப்போது மகளின் மருந்துக்கடையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"நின்னேன், உக்காந்தேன், படுத்தேன். இப்போ தொங்கச் சொல்றாங்கடி."

"போய்த் தொங்கிட்டு வாயேன். அரை மணி நேரம்தானே?" என்றாள் மகள். "இல்லேன்னா வீட்டுல இரு. நீ விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டால நான் நின்ன நிலை எனக்குத்தான் தெரியும்."

"ஒரு தடவை சுவத்துல ஏறிட்டா அப்புறம் இறக்க மாட்டாங்க. இந்த ஜென்மத்துல இனிமே எனக்கு நடக்கற வேஷமே வராது. புரியுதா உனக்கு?"

மகளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இருமல் மருந்துப் பாட்டிலை எடுத்துத் துணியால் துடைத்தாள்.

அக்கா போனாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் முடங்குகிற ஜாதி இல்லை அவள். மேனேஜரிடம் கதையின் பக்கங்கள் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள். 'போட்டோவுக்கு எதுக்குக்கா கதை?' என்று அவர் சிரித்தபோது, 'எப்படிச் செத்தேன்னு எனக்குத் தெரிய வேணாமா?' என்று ஒரே போடாகப் போட்டாள். துணைக்கு மகள் கடையை அடைத்துவிட்டு வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

செட்டில் ஒரு நடுத்தர வீடு கட்டியிருந்தார்கள். நீளமான கூடம், ஒரு கோடியில் சமையலறை, மறுகோடியில் வாசல் கதவு. நடுச்சுவரில் ஆணி அடித்துத் தயாராக இருந்தது. புகைப்படக்காரர் ஸ்டூலில் உட்காரவைத்து, "சாந்தமா, லேசா ஒரு புன்னகை அக்கா" என்றார்.

அக்கா புன்னகைத்தாள். படத்தில் பார்த்தால், தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட நீதிபதி உட்கார்ந்திருந்தாள். "இன்னும் கொஞ்சம் இளகி" என்றார். அடுத்ததில், யார் கழுத்தில் எத்தனை பவுன் என்று எடை போடும் திருடி. அதற்கடுத்து, தண்ணீர்க் குழாயை மூடப்போகிற வீட்டுக்காரி. தோள் ஒரு அங்குலம் இறங்கும், இமை கொஞ்சம் சுருங்கும், ஆளே வேறாகிவிடுவாள். நாற்பது படம் எடுத்தார் மனிதர். நாற்பதிலும் உயிரோடு நாற்பது பேர் இருந்தார்கள், செத்தவள் ஒருத்தியைக் காணோம். அவருக்கு வியர்த்து ஊற்றியது.

மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அக்கா, விளையாடாதீங்க. செத்தவங்க மாதிரி இருங்க."

"எனக்குத் தெரியலையே. நான் இன்னும் சாகலையே."

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தான். முப்பது வயதிருக்கும், இரண்டாவது படம், தூக்கமில்லாத கண். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பதினேழாவதில் சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு. அக்கா அந்தச் சிரிப்பை விடவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். வாசல்ல ஒருத்தன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கதவை இடிக்கறான். அந்தப் பொண்ணு பயந்துபோய் என் போட்டோகிட்ட நாலு பக்கம் அழறா. சரியா?"

"ஆமாக்கா."

"நான் எதுக்குச் செத்தேன்? நோயா, விபத்தா, யாராவது கொன்னாங்களா? கதை முழுக்கத் தேடிட்டேன், ஒரு வரி இல்ல. அம்மான்னா செத்திருக்கணும், அவ்வளவுதானே? நாலு பக்கத்துக்குச் சட்டம் போட்ட படத்தைக் காட்டினா, ஜனங்க எழுந்து காபி குடிக்கப் போயிடுவாங்க."

அவன் தலையைச் சொறிந்தான். "அந்த நாலு பக்கம் எனக்கும் இடிச்சுக்கிட்டேதான் இருக்குக்கா" என்று மெதுவாக ஒப்புக்கொண்டான். பிறகு கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். "அம்மா உயிரோட இருந்தா அவங்கதான் போய்க் கதவைத் திறப்பாங்க. சமையலறையிலிருந்து வாசலுக்குப் பதினாலு அடி. வெட்டாம ஒரே ஷாட்டா எடுக்கணும், கேமரா கூடவே வரும். உங்களால..." என்று இழுத்தான்.

"முழுசாக் கேளுங்க தம்பி. நொண்டிக்கிட்டு வர முடியுமான்னு கேளுங்க."

கைத்தடியை மகளிடம் நீட்டினாள். மகள் வாங்க மறுத்தாள். அக்கா அதை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு நடந்தாள். வலது கால் டக்கென்று விழுந்தது, இடது கால் பலகையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. வெறும் கூடத்தில் அந்த ஓசை நன்றாகக் கேட்டது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றாமலே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்தச் சத்தம் வசனத்துல விழும்" என்றார் மேனேஜர்.

"விழட்டும். கதவுக்கு வெளியே நிக்கறவனுக்கும் கேக்கட்டும்" என்றாள் அக்கா.

இயக்குநர் அன்று ராத்திரியே அந்த நான்கு பக்கத்தைக் கிழித்துவிட்டு ஒன்றரைப் பக்கமாக எழுதினான். பத்து நாள் கழித்துப் படப்பிடிப்பு. அந்தப் பத்து நாளும் வீட்டில் என்ன நடந்தது என்கிறீர்கள்? தரையில் ஒட்டுநாடாவால் பதினாலு அடிக்குக் கோடு ஒட்டியது சாட்சாத் மகள்தான். ஒட்டும்போதே திட்டினாள், வலிக்குத் தைலம் தேய்க்கும்போதும் திட்டினாள்.

படப்பிடிப்பு அன்றைக்குத்தான் இன்னொரு சிக்கல். சுவரில் ஆணி காலியாக இருந்தது. அம்மா பிழைத்துவிட்டதால் அப்பாவைக் கொன்றாக வேண்டும் என்றான் இயக்குநர். ஐம்பது வயதில் நல்ல முகவெட்டோடு யாராவது உடனே வேண்டும். எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மேனேஜர் மறுக்க வாயெடுப்பதற்குள் படம் எடுத்துச் சட்டத்துக்குள் போட்டாகிவிட்டது. மனிதர் படத்தில் அவ்வளவு சாந்தமாக இருந்தார்.

முதல் டேக்கில் அக்கா நிற்கவேண்டிய அடையாளத்தைத் தாண்டிவிட்டாள். இரண்டாவதில் அதை எட்டாமலே நின்றுவிட்டாள். மூன்றாவதில் கேமரா அவளை முந்திக்கொண்டு போனது. நான்காவதில் கால் தடுக்கிச் சுவரைப் பிடித்தாள். லைட்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரே டேக் அக்காவுக்கு நாலு டேக் என்பதை அவர்களாலேயே தாங்க முடியவில்லை. அக்காவுக்கு மட்டும் வெட்கமில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பச் சமையலறைக்குப் போனாள். ஆறாவது முடிந்ததும் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாவம், முடியல. ஒரு நாற்காலி போட்டு உக்காரவெச்சு எடுத்துடலாமே?"

"உக்கார மாட்டாங்க."

சொன்னது மகள். கைத்தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், கண் சிவந்திருந்தது. "எங்கம்மா தவறி விழல. உங்க சினிமா ஆளுங்க போட்ட படி உடைஞ்சது. இன்னிக்கு அவங்க எத்தனை தடவை நடக்கணும்னு நினைக்கறாங்களோ, அத்தனை தடவை நடப்பாங்க."

இரண்டு வருடமாக அக்கா யார் வாயிலிருந்தாவது கேட்க ஏங்கிய வார்த்தை அது. அவள் மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், ஒப்பனை கெட்டுவிடும்.

ஒன்பதாவது டேக். கதவு இடிபடுகிறது. கதாநாயகி மூலையில் ஒடுங்குகிறாள். சமையலறையிலிருந்து அந்த ஓசை வருகிறது, ஆளுக்கு முன்னால் காலடி வருகிறது. கதாநாயகியாக நடித்த பெண் அந்த ஓசைக்கே நிமிர்ந்தாள், யாரும் சொல்லித்தரவில்லை. அக்கா கூடத்தின் நடுவே வந்தபோது, எழுதாத ஒன்றைச் செய்தாள். சுவரில் தொங்கிய புருஷனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்து, முந்தானையால் அந்தக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மிச்சம் ஆறு அடியையும் நடந்து கதவை அகலத் திறந்தாள்.

"என்னய்யா வேணும் உனக்கு?"

வெளியே நின்ற ஆறடி அடியாள் வசனத்தை மறந்துபோய் ஒரு அடி பின்னால் போனான். இயக்குநர் அதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு 'கட்' சொன்னான்.

"அக்கா, இனிமே ஒம்பது டேக் அக்காதான்" என்று கத்தினான் ஒரு லைட்காரன்.

"இருபதும் போயிருப்பேன், போடா!" அப்போதுதான் கைத்தடியை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

கலையும் நேரத்தில் மேனேஜர் அசடு வழிய வந்து நின்றார். தன் படத்தைத் தானே நிமிர்ந்து பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் எத்தனை நாளைக்குக்கா இது இங்கேயே இருக்கும்?"

"படம் முடியற வரைக்கும்." அக்கா வாசலைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னாள். "வலி இல்ல, வசனம் இல்ல. சும்மா தொங்குங்க."