கண்ணாடி மேல் நான்கு சக்கரம்

டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் கமலாம்பிகையைத் தெரியாதவர்கள் இல்லை. நாற்பது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், வேலை விட்டு வந்ததும் பொம்மைக் கார் செய்ய உட்கார்ந்துவிடுகிறாள் என்றால் யாருக்குத்தான் தெரியாமல் போகும். பொம்மை என்று சொன்னால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். அது பந்தயக் காரின் மாதிரி. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை வெட்டி, ராவி, ஒட்டி, சாயம் பூசினால் ஒரு சாண் நீளத்தில் அசல் கார் மாதிரியே நிற்கும். நிற்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எண்பத்தெட்டில் அவள் தாயார் யோகம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டிலேயே தங்கப் போனேன். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பியிருந்தார்கள். புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, பிடித்து நடக்க வைப்பது என் வேலை. நான் அதற்குப் பயிற்சி பெற்றவள். இந்த மலாய் ஊரில் நர்ஸை மிசி என்பார்கள், தாயும் மகளும் என்னை அப்படியே கூப்பிட்டார்கள்.

கமலம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக் குழாய்க்குள் பார்த்து, மின்னணுச் சாமான்களில் தலைமுடியை விட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பரிசோதிப்பவள். பகலெல்லாம் அப்படிக் குனிந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் குனிகிறாயே, கண் வலிக்காதா என்று ஒரு முறை கேட்டேன். அங்கே நல்லது, கெட்டது என்று பிரித்துப் போடுவதோடு சரி, இங்கே கெட்டதைச் சரி பண்ண முடிகிறது என்றாள்.

பர்மா ரோட்டில் மாதிரிகள் விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் பின்னறையில் ஒரு சங்கம். பகலில் கப்பலுக்குச் சாமான் அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்த்த நாகூர் மீரான் அதற்குத் தலைவர். வருடத்துக்கு ஒரு ஞாயிறு போட்டி வைப்பார்கள். காரைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பார்ப்பார் மீரான். காகிதம் தாராளமாகப் போனால் சக்கரம் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். கார் வெளியே. நான்கும் கண்ணாடியைக் கவ்வி நின்றால் போட்டியில் இடம் உண்டு, சங்கத்திலும் இடம் உண்டு. சங்கத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமைகளில் பின்னறையைப் பயன்படுத்தலாம். அங்கே சாயம் தெளிக்கும் இயந்திரமும் புகையை வெளியே தள்ளும் காற்றாடியும் இருந்தன.

கமலத்துக்குப் பரிசு பெரிதில்லை. அந்த அறைதான் வேண்டும். வீட்டில் சாய டின்னைத் திறந்தால் யோகம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். நானே டின்னை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பின்பக்கத் தகரக் கூரையடியில் நின்று தூரிகையால் பூசுவாள். ஈரச் சாயத்தில் தூசி ஒட்டும், கொசு ஒட்டும்.

முந்தின வருடம் அவள் கார் வெளியே போனது. நாய் காலைத் தூக்குகிற மாதிரி நிற்கிறதே என்று யாரோ சொல்ல, அறையே சிரித்ததாம். தப்பு எங்கே என்று பிறகுதான் கண்டுபிடித்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையின் பலகை நெளிந்திருந்தது. நெளிந்த மேசைக்குப் பொருத்தமாகச் சக்கரங்களை ஒட்டியிருக்கிறாள்.

இந்த வருடம் அலமாரியின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் படுக்கப் போட்டுவிட்டாள். கண்ணாடி மட்டமாக இருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. சக்கரம் மயிரிழை தூக்கினாலும் பிம்பத்தோடு சேர்ந்து இடைவெளி இரட்டிப்பாகத் தெரியும். ஒரு மாதம் நான் எதிர்வீட்டில் போய்த் தலை வாரினேன்.

பந்தயக் கார் தரையோடு தாழ்ந்து ஓட வேண்டும். இவளுடையதோ வெள்ளத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்தவள் மாதிரி உயரமாக நின்றது. மேல் உடல் அடித்தட்டில் முழுதாக இறங்கவில்லை. உள்ளே ஓட்டுநர் இருக்கைத் தொட்டி இடித்தது. அதன் அடியை ராவினாள். உடல் இறங்கியது. பிறகு சக்கரம் மாட்டும் முளைகளை வெட்டி, கொஞ்சம் மேலே தள்ளி ஒட்டினாள். கார் தாழ்ந்தது. இப்போது முன்சக்கரம் அதை மூடும் மேலுடலின் வளைவில் உரசியது. வளைவின் உட்பக்கத்தைச் சுரண்டி மெல்லிசாக்கினாள். எதையும் முதலில் ஒட்டவில்லை. நாடாவால் பிடித்து நிறுத்திப் பார்த்து, கழற்றி, மறுபடி ராவி, சரியென்று தெரிந்த பிறகே பசை. சனிக்கிழமை சாயங்காலம் நான்கு சக்கரமும் கண்ணாடியில் அழகாக உட்கார்ந்தன.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனாள். நான் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். யோகம்மா சக்கர நாற்காலியில் மேசையருகே இருந்தார். மேசையில் காய்கறிக் கூடை. அதில் சம்பாலுக்கு வாங்கிய லீமாவ் கஸ்தூரி, கோலிக்குண்டு போன்ற குட்டி எலுமிச்சை.

படக்கென்று ஒரு சத்தம். ஓடி வந்தேன். காரின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சை நசுங்கிக் கிடந்தன. யோகம்மாவின் உள்ளங்கை இன்னும் காரின் முதுகில். இடது முன்சக்கரம் தனியாக உருண்டு, கஞ்சிக்காக எடுத்து வைத்திருந்த கிண்ணத்தில் முட்டி நின்றது.

ஈரத் தலையோடு வந்த கமலம் அதைப் பார்த்தபடி நின்றாள்.

"புதுக் கார் வாசல் தாண்ட முந்தித் தேசிக்காய் நசிக்க வேணும் எல்லோ," என்றார் யோகம்மா. "போன முறை செய்யாமல் விட்டுத்தான் திருப்பி அனுப்பினவங்கள். கார் பாரமில்லை, பழம் நசியேல்லை. அதுதான் கையால அமத்தினனான்."

அந்த அம்மாள் அதுவரை அந்தக் காரை ஒரு தரம் கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கமலத்துக்கும் அது தெரியும். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முளை அடியோட ஒடிஞ்சிருக்கு மிசி. வெறும் பசை தாங்காது. அம்மா இடுப்புக்கு வச்ச மாதிரி கம்பி வைக்கணும். குண்டூசி இருக்கா?"

இருந்தது. முதலில் எலுமிச்சைச் சாற்றைத் துடைத்தோம். ஒடிந்த இடத்தில் கை டிரில்லால் துளை போட்டாள், சக்கரத்தோடு வந்த துண்டிலும் போட்டாள். குண்டூசியின் தலையை வெட்டி நடுவில் செருகினாள். நான் இடுக்கியால் பிடித்துக்கொண்டேன். உடனே ஒட்டுகிற பசையை எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். அது பிடித்துவிட்டால் உயரத்தைத் திருத்த முடியாது. இரண்டு குழாயைக் கலந்து பூசும் பசையை எடுத்தாள். இறுக நேரமாகும், மதியத்தோடு போட்டிக்குக் கார் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் அதுதான். காரைக் கண்ணாடியில் வைத்து, வயிற்றுக்கடியில் காலண்டர் அட்டைத் துண்டுகளைக் கொடுத்து, கம்பி வைத்த சக்கரம் தானே தன் மட்டத்தைத் தேடிக்கொள்ளும்படி விட்டாள். பிறகு யாரும் மேசையைத் தொடக் கூடாது என்றாள். கஞ்சியை நாங்கள் மடியில் வைத்துக் குடித்தோம்.

பசை பாதி இறுகியபோதே கிளம்ப வேண்டியதாயிற்று. யோகம்மா தானும் வருவேன் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டு வாசலைத் தாண்டாதவர். நல்லது, காற்றுப் படட்டும் என்று நானே டாக்சியில் ஏற்றினேன். கமலம் கேக் பெட்டிக்குள் காரை வைத்து மடியில் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குழியிலும் டிரைவரின் பின்மண்டையை முறைத்தாள்.

கடையில் ஆண்கள் கூட்டம். சக்கர நாற்காலி நுழைந்ததும் வழிவிட்டார்கள். கமலம் காரைக் கண்ணாடித் தகட்டில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்சக்கரங்களில் காகிதம் நின்றது. வலது முன்சக்கரத்தில் நின்றது. இடது முன்சக்கரத்தில் மீரான் காகிதத்தை ஒரு தரம் தள்ளினார். கோணத்தை மாற்றி மறுபடி தள்ளினார். காகிதம் வளைந்தது, உள்ளே போகவில்லை.

"நாலும் உக்காந்திருக்கு தங்கச்சி," என்று நிமிர்ந்தவர் மூக்கைச் சுருக்கினார். "ஆனா இது என்னா லா, லக்சா சாப்பாட்டுக் கடை மாதிரி புளிப்பு வாசம் அடிக்குது?"

"அது நான் வைச்ச தேசிக்காய்," என்றார் யோகம்மா. "நாலு சில்லுக்கும் வைச்சனான்."

அறை சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், அடுத்த வருஷம் என் கெரேத்தாவுக்கும் வைங்க அம்மா என்றார்.

"கொண்டு வா, பாப்பம்."

"வேணாம் அண்ணே," என்றாள் கமலம். "உங்க காருக்கும் நான்தான் கம்பி வைக்கணும்."

பரிசு கிடைக்கவில்லை. கூரைச் சாயத்தில் கொசுவின் கால் ஒன்று ஒட்டியிருந்ததை மீரான் காட்டினார். அதனால்தான் எனக்கு உங்கள் பின்னறை வேண்டும் என்று கமலம் சொல்ல, சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை போனவள் சாயங்காலம் திரும்பி வந்தபோது ஒரு கை விரல் நகங்களில் மட்டும் சிவப்பு. யோகம்மா அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, அது கார் பெயின்ட்."

"எதெண்டால் என்ன, வடிவாத்தான் இருக்கு," என்றார் யோகம்மா. "மற்றக் கைக்கும் பூசிக்கொண்டு வந்திருக்கலாம்."