தேனீக்களுக்கு ஒரு கிரகப்பிரவேசம்

டாக்குரியாவில் எங்கள் கட்டடத்துக் காம்பவுண்டில் ஒரு முருங்கை மரம் உண்டு. மாசி பிறந்தால் காய்க்கு முன்னால் பூவுக்கே போட்டி வந்துவிடும். பெங்காலிகள் அந்தப் பூவைக் கத்தரிக்காயோடு வதக்கிச் சாப்பிடுகிறவர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், பூவோடு பூவாக ஒரு தேனீக் கூட்டமும் வந்து தாழ்ந்த கிளையில் தொங்கியது. பால் வாங்கப் போன நான் பாக்கெட்டும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டேன்.

மொட்டைமாடியில் என் தேன்பெட்டி காலியாகக் கிடந்தது. முந்தைய மழைக்காலத்தில் தேனடையில் பூச்சி விழுந்து, இருந்த கூட்டம் ஓடிப்போயிருந்தது. துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். காசு கொடுத்து வேறு கூட்டம் வாங்கிக்கொள்ளேன் என்பார் என் கணவர். வாங்குவது வேறு, தானாக வந்தது வேறு. இதை விடுவதில்லை என்று மரத்தடியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு முன்னால் கட்டடத்துச் செக்ரட்டரி ஒரு முடிவு செய்திருந்தார். மருந்தடிக்கிற ஆளுக்குப் போன் போட்டாயிற்று. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் மலைத்தேனீ கலைந்து, வாட்ச்மேனை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகியிருந்தது. இது அந்த ஜாதி இல்லை, பெட்டியில் வளர்க்கிற சாது, வீடு தேடிக் கிளம்பியிருக்கிற நேரத்தில் இதற்குச் சண்டை போட மனமே இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். கோபம் வந்தால் எனக்குப் பெங்காலி பாஷை தண்ணீர்பட்ட பாடு.

"பிகேல் பர்ஜந்தோ, பௌதி" என்றார் செக்ரட்டரி. அண்ணி என்று மரியாதையாக அழைத்து, சாயங்காலம் வரை கெடு வைத்துவிட்டார். அதற்குள் மரம் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து.

சாயங்காலம் எதற்கு? கொசுவலைத் துணி தைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் கீழே மூங்கில் கூடையைப் பிடித்து, கிளையை ஒரு உலுக்கு உலுக்கினேன். மொத்தமும் கூடைக்குள் விழுந்தது. மாடியிலிருந்து பெட்டியை இறக்கி, பழைய அடை ஒட்டிய சட்டங்களை வைத்து, கூட்டத்தை அதில் கொட்டி மூடினேன். வெளியே சுற்றுகிறவையும் உள்ளே போகட்டும் என்று பெட்டியை மரத்தடியிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். மனதுக்குள் அப்படி ஒரு கர்வம்.

தலை துவட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், பெட்டி வாசலிலிருந்து தேனீக்கள் பொங்கிப் பொங்கி வெளியே வருகின்றன. ஈரத்தலையோடு ஓடினேன். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. இந்தத் தடவை எட்டாத உயரத்தில்.

மரத்தடியில் என் கணவர் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"புது ஆத்துக்குப் போறச்சே வெறுமனே போவாளா? அதான் கற்பூரம் காட்டினேன். எறும்பு வராம இருக்கட்டும்னு மூடி இடுக்குல ரெண்டு கட்டி செருகி வெச்சேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. தேனீக்கு மூக்குதான் உலகம். கற்பூர நெடி அடிக்கிற வீட்டில் எந்த ராணி குடியிருப்பாள்? ராணி கிளம்பினால் கூட்டம் மொத்தமும் கிளம்பிவிடும். அவரை என்ன சொல்லித் திட்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. துறைமுக ஆபீசில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கியவர், தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டுக்கொண்டார்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. பெட்டியைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். உள்பக்கம் முழுக்கப் பழைய தேன்மெழுகைத் தடவினேன். மூடியில் ஊறிய நெடி மட்டும் போகவே இல்லை. நேராகப் பூஜை அறைக்குப் போய், அவர் உட்கார்ந்து ஜபம் பண்ணும் மணையை எடுத்துவந்து மூடியாக்கினேன்.

முருங்கைக் கிளை முறியும், ஏணி சாத்த முடியாது. பக்கத்தில் பம்ப் அறையின் மேல்தளம் இருந்தது. ஒட்டடைக் கம்பின் நுனியில் கூடையைக் கவிழ்த்துக் கட்டி, உள்ளே ஒரு துண்டு அடையைச் செருகினேன். கூட்டத்துக்கு மேலே கூடையை அசையாமல் பிடித்தால், இருட்டும் மெழுகு வாசனையும் தேடித் தானாக மேலே ஏறும். அசையாமல் பிடிக்க வேண்டும், அதுதான் சிக்கல். பம்ப் அறைச் சுவரில் ஏணி சாத்தித் தளத்தில் ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் என் தோள் நடுங்கியது. கூடை ஆடியது. ஏறியவை எல்லாம் இறங்கின.

இதற்குள் மருந்தடிக்கிறவர் வந்து, முதுகு டேங்கைக் கழற்றி வாசல் கேட் அருகே வைத்துவிட்டு டீ குடிக்க ஆரம்பித்திருந்தார். செக்ரட்டரி வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"நகரு" என்று ஒரு குரல். என் கணவர் ஏணியில் நின்றிருந்தார். பெங்காலிகள் மார்கழிக் குளிருக்குப் போடும் குரங்குக் குல்லாய் தலையில், கழுத்தில் மஃப்ளர். கரப்பான் பூச்சி பறந்தாலே அறை மாறுகிற மனுஷர்.

"உங்களால முடியாது, விடுங்கோ."

"கம்பைக் குடு. நீ கீழே போய்ப் புகை போடு."

இன்னொரு கம்பின் முனையில் தேங்காய் நார் கட்டிப் புகைய விட்டு, கூட்டத்தின் அடியில் காட்டினேன். மெதுவாக, மிக மெதுவாக, அது கூடைக்குள் ஏற ஆரம்பித்தது. நடுவில் அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கொட்டிவிட்டது என்று தெரிந்தது. கூடை ஆடவில்லை. இன்னொரு முறையும் அப்படி ஆயிற்று. அப்போதும் ஆடவில்லை. "விட்டுடுங்கோ, போதும்" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு அந்தக் கூட்டம் வேண்டும்.

கிளை காலியானதும் கூடையைத் தாழ்த்தினார். பெட்டி வாசலில் விரித்திருந்த வேட்டியின் மேல் நான் அதைத் தட்டினேன். தேனீக்கள் சிதறி, தயங்கி, பிறகு வாசலைப் பார்த்து நடந்தன. அவற்றின் நடுவே நீளமாக, கருத்த உடம்போடு ராணி அவசரமில்லாமல் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன். ராணி மட்டும் வெளியே வர முடியாதபடி தடுக்கும் தகட்டை உடனே வாசலில் செருகினேன். வாசலில் சில தேனீக்கள் வாலைத் தூக்கிச் சிறகடித்து மற்றவற்றைக் கூப்பிட்டன. குடியேறியாயிற்று.

செக்ரட்டரி எட்ட நின்று குனிந்து பார்த்தார். மருந்துக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பினால் என் கணவர் இன்னும் தளத்தின் மேலேயே, வெறும் கம்பைப் பிடித்தபடி நிற்கிறார்.

"ஆயிடுத்து. இறங்கி வாங்கோ."

"விரல் பிரியமாட்டேங்கறது" என்றார்.

ஏறிப் போய் நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். புறங்கை பூரியாக உப்பியிருந்தது. மூக்கும்தான். மத்தியானம் திட்டியதை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

"இனிமே அந்தப் பெட்டி இருக்கற திசைக்கே நான் வரமாட்டேன்" என்றார்.

"இருட்டினதும் அதை மாடிக்குத் தூக்கணும். நாலு மாடி. தனியா என்னால முடியாது."

"லிஃப்ட்ல ஏத்தினா என்ன?"

"அடைச்ச லிஃப்ட்ல, அத்தனை தேனீயோட, யாரு போறது?"

வீங்கிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஃப்ளரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"சரி, முன்பக்கம் நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.