என் அவியலை நானே குறை சொன்ன நாள்

கரமனை ஆறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்ததே, அதற்கு மறு வருஷம். வெள்ளத்தில் மாமனார் தந்த கட்டில் போனது. முதுகைக் குத்துகிற கட்டில், எனக்கு அப்படியொன்றும் வருத்தமில்லை. அதை விடுங்கள். கரமனையில் நான் நடத்திய சின்ன மெஸ்ஸை இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டடக்காரர். பக்கத்தில் கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி மதியச் சாப்பாட்டுக்கு ஆள் தேடியது. அது கிடைக்காவிட்டால் சொந்த ஊரான நாகர்கோவிலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போட்டிக்கு வந்த மூன்று மெஸ்காரர்களுக்கும் சமைத்துக் காட்ட ஆளுக்கொரு நாள். இலை போட்டுப் பரிமாறி முடித்ததும், எல்லோர் முன்னாலும் நின்று நம் மெஸ்ஸைப் பற்றிப் பேச வேண்டும். நானோ, பஸ்ஸில் "ஆள் இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்கிறவன்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? நாலு வார்த்த பேசிட்டு வாங்க" என்று அனுப்பினாள் மனைவி.

மற்ற இருவரும் தங்கள் சாம்பாரைப் புகழ்ந்து வெளுத்து வாங்கியிருந்தார்கள். என் நாளில், பேச்சு நேரம் வந்ததும் நான் பின்பக்கம் நழுவிவிட்டேன். சாப்பாடு எப்படி என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வராது. குப்பையில் விழுந்த எச்சில் இலைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அங்கேயும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கம்பெனியின் மலையாளக் காவல்காரர் பிடித்துக்கொண்டார்.

"எந்தா அண்ணாச்சி, எச்சில் எலையில என்ன தேடுறது? மோதிரம் போயோ?"

அப்படியே கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆளைத் தேர்ந்தெடுக்கிற கம்பெனி அதிகாரியம்மா கேட்டார்:

"எல்லாரும் காத்திருக்கோம். அண்ணாச்சி எங்க போயி?"

பயத்தில் உண்மை கொட்டிவிட்டது.

"எல பாக்கப் போனேம்மா. அவியல்ல தயிர் கூடிப்போச்சு, பாதிப் பேரு தொடல. வடக்கத்திப் பிள்ளைங்க செவப்புக் குத்தரிசிச் சோத்த அப்படியே வச்சிட்டுப் போயிருக்கு. சப்பாத்தி போட்டிருக்கணும். பப்படம் மட்டும் ஒண்ணும் மிச்சமில்ல."

"சொந்தம் அவியலுக்கே குற்றம்!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. எனக்கு நாகர்கோவில் பஸ் கண்ணில் தெரிந்தது.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கும் கொண்டு வரணும். சொன்னதெல்லாம் மாத்தி."

மறுநாள் மனைவியும் பரிமாற வந்து, எனக்கும் சேர்த்துப் பேசினாள். இலைகள் காலியாக வந்தன. ஒப்பந்தம் எனக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: "மாசம் ஒரு மீட்டிங் உண்டு. அண்ணாச்சி வர வேண்டா, சேச்சி வந்தாப் போதும்."

நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற யாராவது உங்கள் வீட்டில் தொழில் தொடங்கப் போனால், இதைச் சொல்லுங்கள். பேசத் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளவும் சொல்லுங்கள்.