தேவிகா பேரில் யாரோ சொன்ன பொய்

புதுவயல் ரைஸ் மில்களில் தேவிகா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சல்லடைக்கார அம்மா என்றால் உடனே கடையைக் காட்டுவார்கள். அரிசியையும் குருணையையும் கல்லையும் பிரிக்கிற சல்லடைத் தகடுகளை அளவெடுத்து வெட்டி, மில்லுக்கே போய் மாட்டிக் கொடுப்பதுதான் அவள் தொழில். பதினாறு வருசம் மில்லில் கூலிக்கு நின்றவள். தகடு கிழியப் போவதை ஓடுகிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். நாற்பது வயதில் தனியாகக் கடை போட்டாள். தகடு வெட்ட மாரீஸ்வரி கூட இருந்தாள். வர முடியாத நாளுக்கு வருவேன் என்று தேவிகா யாரிடமும் சொன்னதில்லை. அவள் முதலீடு அதுதான்.

சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கத்து மில்காரர்களும் தன்னைத் தேடி வரட்டும் என்று வெப்சைட் போட நினைத்து, காரைக்குடியில் அந்த வேலை செய்கிற ஏகப்பனிடம் போனாள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், எழுதுவதெல்லாம் நாங்களே எழுதிக்கொள்வோம், பத்து நாளில் முடிந்துவிடும் என்றான். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. பின்னால் அந்த நிம்மதியை நினைத்துத் தன்மேலேயே ஆத்திரப்பட்டாள்.

பத்து நாள் இரண்டு மாதமானது. வந்த வெப்சைட் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. முகப்பில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, எல்லாரும் போடுவதுதான் என்றான் ஏகப்பன். அவளும் விட்டுவிட்டாள்.

தை அறுவடை நேரத்தில் திருப்பத்தூர் மில்காரர் முத்துராமலிங்கம் கடை வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவரை அவள் பார்த்ததில்லை. சனிக்கிழமை அவர் மில்லில் சல்லடை கிழிந்திருக்கிறது. வெப்சைட்டைப் பார்த்து, ஆள் வேண்டும் என்று அதிலேயே எழுதிப் போட்டுவிட்டு, ஞாயிறு முழுக்க நெல் லாரிகளை நிறுத்திவைத்துக் காத்திருந்திருக்கிறார்.

"இருபத்துநாலு மணி நேரமும் ஆள் வரும்னு நீங்கதானே போட்டிருக்கீக? பொய் சொல்லித்தான் தொழில் பண்ணணுமா?"

கடையில் வேறு இரண்டு மில்காரர்களும் இருந்தார்கள். வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள் என்று அவரிடமே கேட்டாள் தேவிகா. முப்பது வருச அனுபவமாம். இருபது இன்ஜினியர்களாம். முன்பின் தெரியாத மனிதரிடம் எவனோ அவள் பேரைச் சொல்லிப் பொய் பேசியிருக்கிறான்.

அன்று மத்தியானமே காரைக்குடிக்கு பஸ் ஏறினாள். மில்காரர்கள் எழுதியதெல்லாம் ஏகப்பனின் மெயிலுக்குப் போய்ப் பிரிக்காமல் கிடந்தது அங்கே தெரிந்தது. எழுதியிருப்பதை மாற்றச் சொன்னாள். அதற்குத் தனிக் கட்டணம் என்றான். வேண்டாம், வெப்சைட்டை என்னிடமே கொடுத்துவிடுங்கள் என்றாள்.

"வெப்சைட் அட்ரஸ் எங்க பேருலதான் பதிஞ்சிருக்கு, அக்கா. எல்லாருக்கும் அப்படித்தான் பண்றது."

அதுவரை வாங்க போங்க என்று பேசியவள் மாறினாள். "கடை என்னுது. திட்டு வாங்குனவளும் நான். வாசல் மட்டும் உன் பேருலயா?"

அவள் கத்தவில்லை. அவன் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெப்சைட் போட வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். அட்ரஸ் யார் பேரில் இருக்கும், எழுதிப் போடுவது யாருக்கு வரும் என்று கேட்டுக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்றாள். மூன்றாவது ஆளும் எழுந்து போனதும் ஏகப்பன் அவள் கண்ணெதிரிலேயே வெப்சைட்டை எடுத்துவிட்டான். அட்ரஸை மட்டும் விடவில்லை.

அடுத்து வெப்சைட் போட வந்த கீர்த்தி இரண்டு நாள் கடையிலேயே இருந்து படம் எடுத்தாள். புது அட்ரஸ் உட்பட எல்லாம் தேவிகாவின் பேரில் என்று முதலிலேயே தாளில் எழுதிக் கையெழுத்தானது. இந்தத் தடவை தேவிகா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினார்கள்: வேலைக்கு இரண்டே பேர், ஞாயிற்றுக்கிழமை லீவு.

முத்துராமலிங்கத்தை மில்லுக்கே போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் வேறு ஆள் பார்த்தாயிற்று என்றார். அவர் மேல் அவளுக்கு வருத்தமில்லை.

ஏகப்பன் மெயிலில் இன்னும் எத்தனை பேர் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்களோ, அவளுக்குத் தெரியாது. அந்தப் பேர்களைக் கேட்டு வாராவாரம் அவனுக்குப் போன் அடிக்கிறாள். அவன் எடுப்பதில்லை. அவளும் விடுவதாக இல்லை.