பிள்ளைப்பாக்கம் ஏரிக்குள் இருபது தட்டி வீடு

கன்னியப்பன் செய்த எந்தப் பொருளும் கழன்று வரும். அதை அவர் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. பூந்தமல்லியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்து, மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு பிள்ளைப்பாக்கத்துக்கே திரும்பி வந்தவர். ஆணி அடிப்பவன் அவசரக்காரன், போல்ட்டு போடுபவன் புத்திசாலி என்பது அவருடைய கட்சி. வீட்டில் கட்டில், ஏணி, கோழிக்கூடு எல்லாமே போல்ட்டில்தான் நின்றன. விருந்துக்கு வந்த மாமனாரோடு கட்டில் இரண்டாகப் பிரிந்தபோதுகூட, தரையில் கிடந்தவரிடம், "நட்டு லூசாகீது மாமா, கட்டில் மேல தப்பில்ல" என்றுதான் சொன்னார்.

எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஊர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை எட்டுப் பேர் கூட்டாக எடுத்தார்கள். கூட்டுக்குத் தலைவர் நடேசன். கன்னியப்பனும் அதில் ஒருவர். ஏரி வற்ற வற்றத்தான் மீன் ஓரிடத்தில் சேரும். ஆனால் வற்றிய ஏரியில் ஒதுங்க ஒரு செடிகூடக் கிடையாது. வழக்கமாகத் தண்ணீர் ஓரமாக ஒரு கீற்றுப் பந்தல் போடுவார்கள். ஒரு வாரத்தில் தண்ணீர் அறுபது, எழுபது தப்படி உள்ளே போய்விடும். பந்தல் அங்கேயே நிற்கும். பிடித்த மீனைத் தூக்கிக்கொண்டு வெடித்த சேற்றில் நடந்தே எல்லோருக்கும் குதிகால் போய்விடும்.

"தண்ணி பின்னாலயே போற வூடு ஒண்ணு கட்டலாம்ணா" என்றார் கன்னியப்பன்.

நடேசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வூட்டுக்குக் கால் வைக்கப் போறியா?"

"கழட்டி எட்த்துனு போயி மாட்டிக்கலாம். அரை மணி நேர வேலை."

சின்னதாகத்தான் ஆரம்பித்தார். பிறகு வலை வைக்க இடம் வேண்டும், கூடைக்கு இடம் வேண்டும், எட்டுப் பேரும் கால் நீட்ட வேண்டும் என்று வீடு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் இருபதடி நீளம், பத்தடி அகலம். சவுக்குச் சட்டத்தில் மூங்கில் பாய் அடைத்த தட்டிகள் இருபது. அவற்றில் எட்டு, தார் பூசிய சாக்கு போர்த்திக் கூரைக்கு. மீதிச் சுவர்த் தட்டிகளில் ஒன்றில் கதவு. இருபதும் ஒரே அளவு. அதுதான் அவருக்குப் பெருமை. துளைகளை மட்டும் அளக்காமல் கண் திட்டத்துக்குப் போட்டிருந்தார். அதனால் ஒவ்வொரு தட்டியும் தன் பக்கத்துத் தட்டியோடு மட்டுமே சரியாகச் சேரும். எது எதன் பக்கம் என்று தெரிய சாக்பீஸால் எண் எழுதினார்.

"அழிஞ்சிட்டா?" என்றாள் மனைவி கனகம்.

"பட்டறையில அப்டித்தான் எழுதுவோம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுவே பதில்.

சித்திரை முடிகிற சமயம் தட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். தெருவில் போகும்போது ஒரு பெண் ஓடி வந்து, "எந்த ஊரு கூத்துங்க? இன்னா நாடகம்?" என்று கேட்டாள். நடேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரை இறங்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. தூரத்தில் தண்ணீரைக் கண்டதும், வெயிலில் வந்த மாடுகள் இரண்டும் யார் பேச்சையும் கேட்காமல் நேராக ஏரிக்குள் இறங்கி, நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தன. வண்டி அச்சுவரை முழுகியது. அடியில் இருந்த தட்டிகளின் எண்கள் ஏரியோடு போயின. மேலே இருந்தவற்றைத் தலையில் சுமந்து கரையேற்றினார்கள். அவற்றின் எண்களைத் தலைத்துண்டும் வியர்வையும் துடைத்துவிட்டன.

"பரவால்ல, எனுக்கு மனப்பாடம்" என்றார் கன்னியப்பன்.

துளையோடு துளை எங்கே ஏறக்குறையச் சேர்ந்ததோ அங்கே மாட்டினார்கள். உச்சி வெயிலில் வீடு ஒருவழியாக நின்றது. போல்ட்டை உள்பக்கம் இருந்து முடுக்குவதுதான் முறை என்று கன்னியப்பன் உள்ளேயே இருந்தார். நடேசன் கூடவே நின்று தட்டியைப் பிடித்துக்கொண்டார். கடைசி நட்டை முடுக்கிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கன்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அண்ணா, கதவு எங்க?"

"என்னைக் கேக்கறியா?" என்றார் நடேசன்.

இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். கதவு கூரையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மீன் வியாபாரி யாக்கோபு, செம்பரம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அவர் கண்ணெதிரே கூரையில் கதவு திறந்தது. நடேசனின் தலை வெளியே வந்தது.

"இன்னா நைனா, மாடி வூடா?" என்றார் யாக்கோபு.

நடேசன் கன்னியப்பனின் தோளில் காலை ஊன்றி மேலே ஏறி, சேற்றில் குதித்து, கூட்டைக் கலைத்துவிடுவதாக அறிவித்தார். உள்ளே இருந்த கன்னியப்பனுக்கு ஏறுவதற்குத் தோள் யாரும் தரவில்லை. முடுக்கிய நட்டுகளில் நாலைந்தை அவரே திரும்பக் கழற்றிக்கொண்டு, ஒரு சுவரோடு வெளியே வந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. பூந்தமல்லிக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

கூழ்ப் பானையோடு வந்த கனகம் நடந்ததைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு வீட்டுக்குப் போய் பழைய புடவைகள் நாலைந்தைக் கொண்டுவந்தாள்.

"ஒவ்வொண்ணா வச்சிப் பாரு. சரியா சேர்ந்தா சொல்லு. ரெண்டு மூலையிலயும் ஒரே கலர் கட்டறேன்."

"பட்டறையில எல்லாம் நம்பர்தான் கனகு."

"ஒங்க பட்டறை லாரி ஏரியில எறங்காதுய்யா. மாடு எறங்கும்."

சாயங்காலம்வரை அவள் துணி கிழித்துக் கட்டினாள். மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை, கரைபோட்டதற்குக் கரைபோட்டது. துணி போதாமல் நடேசனின் துண்டும் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பிரித்து மாட்ட முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது. அந்தக் கோடையில் வீடு ஏழு தடவை தண்ணீருக்குப் பின்னால் போனது.

புதுத் தொல்லை ஒன்று வந்தது. உள்ளே காற்றும் நிழலும் அவ்வளவு சுகம். கூழ் குடித்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். கொக்குகள் மட்டும் மும்முரமாக மீன் பிடித்தன. நடேசன் திட்டிப் பார்த்தார், தண்ணீர் தெளித்துப் பார்த்தார். கடைசியில் கன்னியப்பன்தான் வழி கண்டுபிடித்தார். மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் இரண்டு தட்டியைக் கழற்றுவார். வெயில் நேராக முகத்தில் விழும். அலறிக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். கெண்டையும் விராலுமாக அந்த வருஷம் யாக்கோபு சைக்கிளை விட்டுவிட்டு வண்டி பிடித்துத்தான் வர வேண்டியிருந்தது. கூட்டைக் கலைக்கிற பேச்சை நடேசன் மறந்துபோனார்.

மறு வருஷம் பங்குனியில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருநாராயணன் தேடி வந்தார். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. சித்திரை உற்சவத்துக்குத் தேரடியில் நீர்மோர்ப் பந்தல் போடுவது அவர் பொறுப்பு. கழற்றி மாட்டுகிற வீட்டைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு இரவல் கேட்டார். கன்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கனகம் மூன்று நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தட்டிகளைத் தேய்த்துக் கழுவினாள். நான்காம் நாள் பார்க்க வந்த திருநாராயணன், மாட்டி நிறுத்தியிருந்த வீட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டு வெளியே எடுத்தார்.

"ரொம்ப நன்னா பண்ணியிருக்கே கன்னியப்பா. ஆனா..." மேல்துண்டு தானாக மூக்குக்குப் போனது. "மோர் குடிக்க வர்றவா எல்லாரும் குழம்பு எங்கேன்னு கேப்பாளேப்பா."

"புச்சா ஒண்ணு செஞ்சி தர்றேன் சாமி. மீனு பக்கமே போவாத வூடு."

பத்து நாளில் செய்தார். உற்சவத்துக்கு முதல்நாள் காலை, தேரடியில் கூட்டம் சுற்றி நின்று பார்க்க, புருஷனும் பெண்டாட்டியும் அதை மாட்டி நிறுத்தினார்கள். கதவே இல்லாத பந்தலாக அதைச் செய்திருந்தார் கன்னியப்பன். யாரோ கைதட்டினார்கள். பட்டறையில் ஆறு வருஷத்தில் அவர் வேலையை யாரும் இப்படி நின்று பார்த்ததில்லை. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பந்தல் திறந்ததும் திருநாராயணன் முதல் குவளை மோரை அவர் கையில் கொடுத்தார். கன்னியப்பன் அங்கிருந்து நகரவே இல்லை. வருகிறவர்களிடம் எல்லாம் நட்டுகளைத் தொட்டுக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே ஏழு குவளை குடித்தார். எட்டாவதுக்குக் கை நீட்டியபோது திருநாராயணன் குனிந்து, மெதுவாக, "கன்னியப்பா, ஜனங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்றார்.