அண்ணன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை

1930ஆம் ஆண்டு ஆடி மாதம், நாவலப்பிட்டியில், கொட்டுகிற மழையில் என் குரல் போயிற்று. போன குரல் திரும்பி வர நாலு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. திருப்பிக் கொடுத்தவன் முருகன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல என்னால் முடிவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இந்தச் சந்நிதியில் கூடுகிற நீங்கள் என் வீட்டு மனிதர்கள் மாதிரி. அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் மரகதம். ஸ்திரீபார்ட் மரகதம் என்றால் உங்களில் சிலருக்கு ஞாபகம் வரும். 1922இல் மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்றோடு இலங்கைக்கு வந்து தலைமன்னாரில் இறங்கினேன். கோவிந்தண்ணன் அந்தக் கம்பெனியின் ராஜபார்ட். எல்லா நாடகத்திலும் அவர்தான் ராஜா, நான்தான் ராணி. மேடையில் அவரை நாதா என்று பாடுவேன். இறங்கினால் அண்ணே என்பேன். ஊரில் சிலர் வேறு மாதிரிப் பேசினார்கள். அவர் மனைவி பார்வதி அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கம்பெனி முதலாளி ஊருக்குத் திரும்பியபோது நாங்கள் மூவரும் கண்டியிலேயே தங்கிவிட்டோம். அங்கே மஹய்யாவவில் அடுத்தடுத்த அறைகள். ஆட்களைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு சிறிய நாடக செட்டும் வைத்துக்கொண்டோம்.

அப்போதெல்லாம் ஒலிபெருக்கி எங்கே? தகரக் கொட்டகையில் கடைசி ஆள்வரை குரல் போய்ச் சேர வேண்டும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனங்கள் மைல்கணக்கில் நடந்து வந்து சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் அது பாவம். அன்று நாவலப்பிட்டியில் தகரத்தின்மேல் மழை இடித்துக்கொண்டிருந்தது. ஆர்மோனியம் எனக்கே கேட்கவில்லை. அண்ணன் கண்ணாலேயே ஜாடை காட்டினார், போதும் நிறுத்து என்று. நான் நிறுத்தவில்லை. மழைக்கு மேலே பாட வேண்டும் என்று ஒரு வெறி. மூன்றாவது பாட்டின் நடுவில் தொண்டைக்குள் ஏதோ துணி கிழிகிற மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

சனங்கள் எழுந்து போகவில்லை. அண்ணன் என் பாட்டையும் சேர்த்துத் தானே பாடி நாடகத்தை முடித்தார். நான் அவர் பக்கத்தில் கைகட்டி நின்றேன்.

கண்டி பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள். வீங்கிப் புண்ணாகியிருக்கிறது, மாதக்கணக்கில் பேசவே கூடாது என்றார்கள். நான் ஒரு வருஷம் பேசவில்லை. அதற்குப் பிறகும் வாயைத் திறந்தால் உலர்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம். கஷாயம், பனங்கற்கண்டு, கண்டதையும் குடித்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

அதுவரை நான் பெரிய பக்தை ஒன்றுமில்லை. திரை தூக்குமுன் கடவுள் வாழ்த்துப் பாடுவதோடு சரி. குரல் போன பிறகுதான் இந்தக் கோயிலுக்கு நடக்க ஆரம்பித்தேன். எல்லாரும் வாய்விட்டுப் பாடுவீர்கள். நான் தூணோரம் நின்று உதட்டை மட்டும் அசைப்பேன். முருகா, குரலைக் கொடு. வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. குரல் இல்லாத நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து பழைய மேடைப் புடவைகளைப் பிரித்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தேன். ஜரிகையைக் கத்தரிக்கும்போதெல்லாம் அழுகை வரும். சத்தமாக அழக்கூட முடியாது.

அதற்குள் காலமும் மாறிவிட்டது. தோட்டங்களில் ஆட்குறைப்பு. எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறின. நாடகம் பார்க்க யார் வருவார்கள்? செட் கலைந்தது. கண்டிக்குப் பேசும்படம் வந்தது. வெள்ளைத் திரையில் நிழல்கள் பாடின, கூட்டம் அங்கே போயிற்று. பாடத் தெரிந்த ராஜபார்ட்டுகளைச் சென்னையில் படத்துக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1933இல் அங்கிருந்து ஒருவர் அண்ணனைக் கூப்பிட வீட்டுக்கே வந்தார். அண்ணன் நிதானமாகத் தேநீர் கொடுத்து உபசரித்தார். பிறகு, தங்கச்சிக்குக் குரல் வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து வருகிறோம் என்றார். வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

அண்ணி அன்று அடுப்பை மூட்டவே இல்லை. சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஒம்மேல எனக்குக் கோவமில்ல மரகதம். ஆனா அந்த மனுசன் ஒனக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்காரு. நீ சாமிக்கிட்ட கேக்குறது காணாது. இன்னும் நல்லாக் கேளு."

 தலையை மட்டும் ஆட்டினேன்.

அண்ணன் என்ன வேலைக்குப் போனார் தெரியுமா? அதே பேசும்படக் கொட்டகைக்கு. மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் படத் தட்டி கட்டியிருக்கும். முன்னால் ஒருவன் தப்படிப்பான். அண்ணன் தகரக் குழாயை வாயில் வைத்து, இன்று இன்ன படம், வாருங்கள் என்று ஊர் ஊராகக் கூவிக்கொண்டு போவார். கிரீடம் வைத்துக்கொண்டு இந்த நகரத்தையே எழுந்து நிற்க வைத்த மனிதர். ஒருநாள் கடைத்தெருவில் அந்த வண்டி என்னைக் கடந்தது. அவர் என்னைப் பார்த்துக் குழாயைக் கீழே இறக்கிச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். வெட்கப்பட்டு அல்ல. தாங்க முடியாமல்.

1934இல் மழை பொய்த்தது. மகாவலி குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. ஆற்று மணலில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்தே போனார்கள். அந்த வருஷக் கடைசியில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே எந்த வீட்டில்தான் அப்போது அழுகை இல்லை? அண்ணன் வண்டியோடு கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வந்தார். வந்த மூன்றாம் நாள் நடுக்கம் கண்டது. கட்டிலே ஆடியது. இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்தினோம், அடங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றின் வாங்குப் பலகைகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டுக் காய்ச்சல்காரர்களைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணனுக்கும் அங்கேதான் ஒரு கட்டில் கிடைத்தது. கசப்பான கொயினா மருந்தைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தார்கள். காய்ச்சல் விடும், மறுநாள் திரும்பி வரும். ஒரு கட்டத்தில் அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. மேடை வசனங்களை முன்னும் பின்னுமாக உளறினார். நான் சொல்ல வேண்டிய வசனம் வரும் இடத்தில் நிறுத்திக் காத்திருப்பார். நான் அந்தக் கரகரத்த குரலில் அடியெடுத்துக் கொடுப்பேன். அவர் மறுபடி ஆரம்பிப்பார். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் அங்கே ஓய்வில்லாமல் வேலை செய்தார். அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்து கொஞ்சம் கூடக் கொடுத்துப் பார்க்கிறோம், நேர்ந்துகொள்வதென்றால் நேர்ந்துகொள்ளுங்கள் என்று மெல்லச் சொன்னார்.

ஓடினேன். இந்தக் கோயிலுக்குத்தான். நடை சாத்தும் நேரம். குருக்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். நாலு வருஷமாகக் கேட்ட குரலைப் பற்றி அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்த்தி வைக்கவும் இல்லை, அது கொடுத்தால் இது தருகிறேன் என்று பேரம் பேசவும் இல்லை. முருகா, அவர் எழுந்திருக்கட்டும். அவ்வளவுதான். அதற்குமேல் என்னிடம் சொல் இல்லை. எனக்காக இல்லாமல் இன்னொருவருக்காக என் வாழ்க்கையில் நான் செய்த முதல் பிரார்த்தனை அது.

மறுநாளும் காய்ச்சல் இருந்தது. அதற்கு மறுநாள் காலையில் கஞ்சிப் பாத்திரத்தோடு போனேன். வாசலில் நின்று பார்த்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதுகு என் பக்கம். தலையை நேராக வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி, பழைய ராஜபார்ட் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். நான் என்னையே மறந்துவிட்டேன்.

"அண்ணே!"

அந்தக் கூடமே திரும்பியது. காய்ச்சல்காரர்கள் தலையைத் தூக்கினார்கள். மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். வெளியே முற்றத்தில் இருந்த அண்ணி உள்ளே ஓடி வந்தாள். அது என் குரல். மழைக்கு முன்னால் இருந்த அதே குரல். மணி அடித்த மாதிரி சுத்தமாக வந்தது. நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முருகன் கொடுத்துவிட்டான், இரண்டையும் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன்.

அண்ணன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டேன். கிட்டப்போய்க் கூப்பிட்டேன். என் கை தோளில் பட்ட பிறகுதான் திரும்பினார். சிரித்தார். என் உதடு அசைவதைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். பிறகு கூடமே அதிரும்படி, தான் கத்துவது தனக்கே தெரியாமல், "ஏம் தங்கச்சி, இன்னமுமா கொரல் வரல?" என்று கேட்டார்.

டாக்டர் வந்து பார்த்தார்.

"உயிருக்கு இனிப் பயமில்லை. காது, அது மருந்தின்ர வேலை. குடுக்காமல் விட்டிருந்தால் ஆள் இல்லை. சில பேருக்குக் காது கேக்கிறது திரும்பி வரும். பொறுத்துப் பாப்பம்."

பொறுத்துப் பார்த்தோம். முப்பத்தைந்தாம் வருஷம் போயிற்று, முப்பத்தாறும் போயிற்று. திரும்பவில்லை.

என் குரல் திரும்பிவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரிவிப்பது? அண்ணிதான் சொன்னாள். என் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், கையை வானத்துக்கு விரித்துக் காட்டினாள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு எழுந்து, திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார். எனக்காக நாலு வருஷம் காத்திருந்தவர். சென்னை வேண்டாம் என்றவர். நான் பாடினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைக் கொழும்பிலிருந்து ஒரு நாடக செட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பருவம் போனேன். புது ராஜபார்ட் நல்ல பிள்ளை, நல்ல குரல். ஆனால் அவன் பாடி முடித்து நான் எடுக்கிற இடத்திலெல்லாம் எனக்கு அந்தப் பள்ளிக்கூடக் கட்டில்தான் தெரிந்தது. வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கண்டிக்கே வந்துவிட்டேன். அண்ணனுக்கு இப்போது நகரசபையில் தோட்ட வேலை. செடிகளோடு இருக்கப் பிடிக்கிறது என்கிறார். நான் கோயில்களில் பாடுகிறேன். ஆஸ்பத்திரியில் பிரசவக் கூடத்தில் வேலை செய்கிறேன். வலியில் கிடக்கிற பெண்கள் பாடச் சொன்னால் பாடுவேன். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்கிற வெறி இப்போது இல்லை.

வருத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது. கேட்டதைக் கொடுத்தான், ஆனால் அந்த மனிதர் அதைக் கேட்கும்படி கொடுக்கவில்லை. ஒருநாள் மனம் பொறுக்காமல் அண்ணியிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீ ஓடிப்போய் நின்னியே, அன்னிக்கி நான் தாலிய எறக்கி வைக்கணுமோன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "எனக்கு இந்தச் செவிடே போதும் மரகதம்."

அதற்குப் பிறகு நான் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன தைப்பூசத்துக்கு இங்கே நான் பாடியது உங்களுக்குத் தெரியும். அண்ணன் முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கிட்ட வந்தார். எப்போதும்போல உரக்க, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ரெண்டாவது அடியில மூச்ச முன்னாடியே வாங்கிட்ட. இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கணும்."

சரியாகச் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு முட்டியது. உங்களில் பாதிப் பேர் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன். அது என்ன அழுகை என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நன்றியும் அதில் இருந்தது. அது எனக்கு நிச்சயம்.

ஆகையால் கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கேளுங்கள். அவன் காது கொடுப்பான். நாலு வருஷம் உதட்டை மட்டும் அசைத்தவளுக்கே கொடுத்தான். கிடைப்பது நீங்கள் நினைத்த வடிவில் இல்லையென்றால் அழுங்கள், அதில் தப்பில்லை. அழுதுகொண்டே கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமையும் நான் பாடுகிறேன். எல்லாரும் வாருங்கள். அண்ணனும் வருவார். ஒரே ஒரு வேண்டுகோள். அவருக்கு முன்னால் யாரும் நிற்காதீர்கள். என் முகம் அவருக்குத் தெரிய வேண்டும்.