புகை குறைக்கும் மாப்பிள்ளை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விமானப்படையில் மெக்கானிக். போர் விமானங்கள் கக்கும் கரும்புகையைக் குறைக்கச் சொல்லி எங்கள் பட்டறைக்கு உத்தரவு. புகையை வைத்தே எதிரி நம் விமானத்தைக் கண்டுகொள்வான். குடியிருப்பில் காயும் துணியும் கறுத்துப்போகும். என்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் குழல்களில் படிந்த கரியைச் சுரண்டிக் கழுவுவது என் பங்கு. ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும், வானத்தையே சுத்தமாக வைத்திருப்பவன் நான்தான்.

அந்தப் பெருமையோடு வெண்ணந்தூருக்குப் பெண் பார்க்கப் போனேன். போட்டோ வந்த நாளிலிருந்தே எனக்கு அவள்தான். ஆனால் கூட வந்த பெரியம்மா தலையாட்டினால்தான் கல்யாணம். தலையாட்டினால் பெண்ணின் தலையில் வைக்கப் பூவும் அவர் பையில் இருந்தது.

“தம்பிக்கு என்னங்க வேல?” என்றார் பெண்ணின் அப்பா.

“ஏரோப்ளேன் பொகையைக் கொறைக்கறதுங்க.”

“அட சாமி! அப்ப எங்கூட்டு அடுப்பக் கொஞ்சம் பாருங்க. மழையில நனைஞ்ச வெறகு.”

அவர் கேலிதான் செய்தார். எழுந்து அடுப்படிக்குப் போனவன் நான்.

பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஊதுகுழலை வாங்கினேன். காற்று போதவில்லை என்று விளக்கிவிட்டு, பெரிய கட்டை ஒன்றையும் சொருகி ஊதினேன். என் விமானம் எதுவும் அப்படிப் புகைந்ததில்லை. அவள் கண்ணைத் துடைத்தபடி கூடத்துக்கு ஓடினாள். பின்னாலேயே நானும்.

பெரியம்மா எழுந்துவிட்டார். “கெளம்புடா. புள்ள அழுகுது. அதுக்குப் புடிக்கல.”

“பொகைங்க பெரிம்மா!” என்றேன், கண்ணீர் வழிய.

“உனக்கும் புடிக்கலையா?”

பெண் திரும்ப அடுப்படிக்குப் போனாள்; நாங்களும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தோம். கட்டையை இழுத்து, அரிவாளால் சிறாய் சிறாயாகப் பிளந்து, இடைவெளி விட்டு அடுக்கினாள். அடுப்பு பொன்னாக எரிந்தது.

“பொளந்து, காத்துப் போக எடம் உட்டா பொகையாதுங்க.”

எங்கள் குழல்கள் எரிபொருளைப் பொடித்துளியாகச் சிதறடிப்பது எதற்கென்று மூன்று வருஷம் சுரண்டியும் எனக்கு உறைக்காதது, அப்போதுதான் உறைத்தது.

“அப்ப நீ அழுகலையா சாமி?” என்றார் பெரியம்மா.

“இல்லீங்க.”

“இவனப் புடிச்சிருக்குதா?”

கரி அப்பிய என் மூக்கை அவள் ஒருமுறை பார்த்தாள். “புடிச்சிருக்குதுங்க. அடுப்புப் பக்கம் மட்டும் வரக்கூடாதுங்க.”

பெரியம்மா பையிலிருந்து பூவை எடுத்தார். நான் ஆசையாகக் கையை நீட்டினேன்.

“தள்ளி நில்லுடா, கரியாயிரும்.”